வன்னியில் புரொஜெக்ட் என்றால் பலகை

வன்னியில் 'புரொஜெக்ட்' என்ற சொல்லுக்கு எந்த அகராதியிலும் இல்லாத ஒரு பொருள் உண்டு. அது ஒரு பலகை. 2009க்குப் பிறகு சனம் மீளக் குடியேறிய கிராமங்களில், ஒழுங்கை முகப்பிலும் கிணற்றடியிலும் பொதுநோக்கு மண்டபச் சுவரிலும் நட்டும் அடித்தும் வைத்த பலகைகள்: மேலே நாலைந்து இலச்சினை, நடுவில் தொகை, கீழே தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும். பெயின்ட் வெளிறிய பிறகும் பலகை நிற்கும். பலகையில் எழுதியிருக்கிற சாமான் நிற்கிறதா என்பது வேறு கதை. அதனால் ஒரு கம்பஸ் மாணவி கொப்பியும் பேனையுமாக ஒரு வீட்டுப் படலையில் நின்று, "அம்மா, நாங்கள் ஒரு புரொஜெக்ட் செய்ய வந்திருக்கிறம்" என்றால், உள்ளேயிருந்து வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தினை மாசத்துக்குப் பிள்ளை?" என்பதுதான்.

நான் எழுத வந்தது அந்தக் கேள்வியைப் பற்றி. ஆனால் முதலில் அந்தப் பிள்ளை எதற்காகப் படலையில் நிற்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன்.

கூட்டு வடிவமைப்புப் பாடம் என்று சொன்னால் பெரிதாகத் தெரிகிறது, விஷயம் எளிது. நாலு தொடக்கம் ஆறு மாணவர்கள் ஒரு குழு. அவர்களுக்கு வெளியே ஒரு ஆள், கமக்காரராகவோ ஆஸ்பத்திரித் தாதியாகவோ பள்ளிக்கூட அதிபராகவோ இருக்கலாம், அவருக்கு உண்மையாகவே ஒரு கஷ்டம். அதைக் கேட்டு, பார்த்து, அளந்து, இரண்டு மூன்று வழி யோசித்து, ஒன்றைச் செய்து, அது உடைந்து, திரும்பச் செய்து, செமஸ்டர் முடிவில் வேலை செய்கிற ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஆய்வுகூடப் பரிசோதனையில் விடை என்னவென்று கேள்வியைக் கொடுத்தவருக்கு முன்னமே தெரியும். இங்கே விரிவுரையாளருக்கும் தெரியாது. சில விரிவுரையாளர்களுக்கு அதுவே பயம். குறையாகச் சொல்லவில்லை, விடை தெரிந்த கேள்வியையே இருபது வருடம் கேட்டுப் பழகியவருக்குப் பயம் வரத்தான் செய்யும்.

ஒரு காலத்தில் பொறியியல் படிப்பு என்றாலே பட்டறையும் வரைபலகையும்தான். அமெரிக்காவில் 1955இல் வந்த கிரின்டர் அறிக்கை கணிதத்தையும் அடிப்படை விஞ்ஞானத்தையும் பாடத்திட்டத்தின் நடுவே கொண்டுவந்து வைத்தது. அதற்கு நியாயமும் இருந்தது, ராடாரையும் அணுசக்தியையும் பட்டறைப் பழக்கத்தை மட்டும் வைத்துத் தொட முடியாது. ஆனால் கொஞ்சக் காலத்துக்குள்ளேயே மற்றப் பக்கம் பள்ளமாகிவிட்டது: சமன்பாட்டை அழகாகத் தீர்ப்பார்கள், கதவுக்குப் பிணைச்சல் எங்கே பூட்டுவது என்று கேட்டால் முழிப்பார்கள். கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி 1963இல் 'கிளினிக்' என்ற பெயரில், கம்பனிகள் கொண்டுவருகிற உண்மையான சிக்கல்களை மாணவர் குழுக்களிடம் கொடுக்கத் தொடங்கியது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் திறந்தபோதே இந்த முறையில்தான் திறந்தது, ஒவ்வொரு செமஸ்டரிலும் ஏறக்குறையப் பாதி நேரம் குழு வேலைக்கே. எம்.ஐ.டி.யில் வுடி பிளவர்ஸ் 1970களில் ஒரு பெட்டி நிறையத் தட்டுமுட்டுச் சாமானைக் கொடுத்து 'இதை வைத்து ஒரு பொறி செய்' என்று போட்டி வைத்தது பிறகு உலகம் முழுக்கப் பரவிய ரோபோப் போட்டிகளுக்கு விதையானது. அது நல்ல விளையாட்டு, ஆனால் அதில் படலைக்குப் பின்னால் நிற்கிற அம்மா இல்லை.

எங்கள் பக்கம் இந்த மாதிரிப் பாடங்களுக்கு வேகம் வந்ததற்கு ஒரு கடதாசிக் காரணமும் இருக்கிறது. ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான வாஷிங்டன் ஒப்பந்தம் 1989இல் வந்தது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் அதில் முழு உறுப்பினரானது. பட்டம் முடிக்கிறவருக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வடிவமைக்கத் தெரிய வேண்டும், குழுவில் வேலை செய்யத் தெரிய வேண்டும், சமூகத்துக்கும் சூழலுக்கும் என்ன ஆகும் என்று யோசிக்கத் தெரிய வேண்டும், மற்றவருக்கு விளங்கும்படி பேசத் தெரிய வேண்டும். இதையெல்லாம் மூன்று மணித்தியாலச் சோதனைத் தாளில் அளப்பது எப்படி? ஆகவே புரொஜெக்ட்.

வன்னியில் இதற்கு வாய்ப்பான இடங்கள் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், தொழில்நுட்ப பீடம், விவசாய பீடம் மூன்றும் ஒரே வளாகத்தில். விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சிக்கென்றே தொடங்கி, சண்டையில் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகு திரும்பி வந்த பீடம். சனத்தைப் போல அதுவும் மீள்குடியேறியதுதான். அதே அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியில் கட்டிய தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. தெற்கே பம்பைமடுவில் 2021 ஆவணியில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம். சுற்றிவர வயல், குளம், யானை, கச்சான், பனை, உப்பேறிய கிணறு, சிறுநீரக நோய். சிக்கலுக்குக் குறைவே இல்லை.

சரி, இனி என் மாமாவின் பட்டறைக்கு வருவோம்.

மாமாவுக்குப் பரந்தன் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. உழவு இயந்திரப் பெட்டி, கேற், கலப்பைக் கொழு என்று ஊர் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் குழு கச்சான் உடைக்கும் இயந்திரத்தின் வரைபடத்தோடு வந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. கணினியில் வரைந்த படம், முப்பரிமாணம், சுற்றிச் சுற்றிக் காட்டலாம், நிறமும் அடித்திருந்தார்கள். மாமா கண்ணாடியைப் போட்டு அரை நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த மூலைக்குள்ள வெல்டிங் ஹோல்டர் எப்பிடிப் போகும்?" என்று கேட்டார். போகாது. பிறகு பெயாரிங். அவர்கள் கணக்குப் பார்த்துப் போட்டிருந்த இலக்கம் கொழும்பில் தேட வேண்டியது. மாமா 6204 போடச் சொன்னார், இருபது மில்லிமீட்டர்த் தண்டுக்குப் பொருந்துவது, எந்தச் சின்னச் சந்தியிலும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அப்படி அப்படியே பார்த்தால் அந்த வடிவமைப்பில் முக்கால்வாசி முடிவு மாமாவுடையது. ரிப்போர்ட்டில் அவர் 'உற்பத்தி உதவி' என்று ஒரு வரியில் வந்தார். புள்ளி யாருக்குப் போனது என்று கேட்க வேண்டாம், மாமாவும் கேட்கவில்லை. "பிள்ளையள் தங்கட மகாபொலப் புலமைப்பரிசுக் காசில செய்யுதுகள்" என்று கூலியில் கழித்தும் விட்டார்.

இயந்திரம் வேலை செய்தது. சுழல்கிற உருளை, அதன் கீழே கண் வைத்த சல்லடைத் தகடு, நடுவே ஓர் இடைவெளி. அதற்குள் அகப்பட்ட கச்சான் நசிந்து கோது உடைந்து பருப்பும் கோதுமாகக் கீழே விழும், மின்விசிறிக் காற்று கோதை ஊதித் தள்ளும். பிரசன்டேசன் நாளில் கடையில் வாங்கிய கச்சானைப் போட்டுக் காட்டினார்கள், கைதட்டல், நல்ல புள்ளி. அடுத்த கிழமை முல்லைத்தீவுப் பக்கக் கிராமத்துக்குக் கொண்டுபோய், யாருக்காகச் செய்தார்களோ அந்தப் பெண்களிடம் கொடுத்தார்கள். ஒரு அம்மா கையில் ஒரு பிடி பருப்பை எடுத்து விரலால் தள்ளிப் பார்த்தார். பாதிப் பருப்பு இரண்டாகப் பிளந்திருந்தது, மிச்சத்தில் கொஞ்சத்துக்குச் செந்தோல் உரிந்திருந்தது. "விதைக்கு உது சரிவராது பிள்ளை."

அங்கேதான் விஷயம். அந்தப் பெண்கள் கச்சான் உடைப்பது விதைக்கு. விதைக் கச்சானைக் கோதோடு வைத்திருந்தால்தான் முளைப்புத்திறன் நிற்கும், ஆகவே விதைப்புக்குக் கொஞ்சம் முன்னர்தான் உடைக்க வேண்டும், அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கை தேவை. பிளந்த பருப்பு முளைக்காது. தோல் கிழிந்தது மண்ணுக்குள் பழுதாகும். மாணவர்கள் முதல் நாளே ஒரு படிவம் கொண்டுபோய் 'ஒரு நாளைக்கு எத்தனை கிலோ உடைப்பீர்கள்' என்று கேட்டிருந்தார்கள். எதற்கு உடைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்களும் அதை அழுத்திச் சொல்லவில்லை. போருக்குப் பிறகு எத்தனை படிவம் நிரப்பிய சனம், கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டது.

இதில் பொறியியல் இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம், இருக்கிறது. ஒரே பயிரிலேயே கச்சான் பெரிதும் சிறிதுமாகத்தான் வரும். இடைவெளி ஒன்றே என்றால் பெரியது நசியும், சிறியது உடையாமலே விழும். 2000களின் தொடக்கத்தில் ஜாக் பிராண்டிஸ் என்ற ஒருவர், மாலி நாட்டுக் கிராமத்தில் பெண்கள் கையால் உடைப்பதைக் கண்டு, சீமெந்தில் வார்க்கிற ஒரு கைச்சுழற்றி உடைப்பானைச் செய்தார். அதில் உள்ளே கூம்பு, வெளியே கூம்பு, நடுவே உள்ள இடைவெளி மேலே அகலம் கீழே ஒடுக்கம். பெரிய கோது மேலேயே உடைந்துவிடும், சிறியது தனக்கு அளவான இடத்துக்கு இறங்கிப் போய் உடையும். எங்கள் குழு இதைத் தேடிப் படித்திருக்கலாம். ஆனால் தேடுவதற்கு முன் அளவுகோல் மாற வேண்டும்: மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோ என்பது போய், நூறு பருப்பில் எத்தனை முழுதாக வருகிறது, அதில் எத்தனை முளைக்கிறது என்று வர வேண்டும். முளைப்புச் சோதனை செய்ய அதே வளாகத்தில் விவசாய பீடம் உள்ள இடமென்றால் மதிலும் தாண்ட வேண்டியதில்லை. ஈரச்சாக்கும் பத்து நாளும் போதும்.

பத்து நாள். ஆனால் செமஸ்டர் முடிந்துவிட்டதே.

இப்போது படலையில் அம்மா கேட்ட 'எத்தினை மாசத்துக்கு' என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு செமஸ்டர் ஏறக்குறைய 15 கிழமை. முதல் இரண்டு மூன்று கிழமை குழு பிரிக்கவும் தலைப்பு எடுக்கவும் போகும், கடைசி இரண்டு கிழமை ரிப்போர்ட்டுக்கும் பிரசன்டேசனுக்கும் போகும், நடுவில் இடைப்பரீட்சை. வேலைக்கு மிஞ்சுவது எட்டு ஒன்பது கிழமை. வன்னியின் வருடம் வேறு கணக்கில் ஓடுகிறது. காலபோகத்துக்குப் புரட்டாதி ஐப்பசியில் விதைப்பு, தை மாசியில் அரிவிவெட்டு, சூடடிப்பு. குளத்தில் தண்ணீர் இருந்தால் சித்திரையிலிருந்து சிறுபோகம். வயலில் உபயோகிக்கிற எந்தச் சாமானையும் உண்மையாகப் பரிசோதிக்க வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வாய்ப்பு, அதுவும் இரண்டு மூன்று கிழமைக்கு மட்டும். அந்த நாட்களில் கமக்காரருக்கு மாணவரோடு பேச நேரமும் இருக்காது. கார்த்திகை மார்கழியில் மழை வேறு. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊர்களே வெள்ளத்தில் நின்ற மாதிரி ஒரு வருடம் வந்தால் களஆய்வு என்ற சொல்லை எடுக்கவே கூசும். மாணவர்களின் உடைப்பான் அரிவிவெட்டு நேரத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தது, விதைக் கச்சான் எல்லாம் எப்போதோ உடைத்து விதைத்து முடித்திருந்தார்கள். பரிசோதிக்கக் கடைக் கச்சான்தான் கிடைத்தது என்றால் அது சோம்பேறித்தனத்தால் அல்ல.

இந்தச் சிக்கலை நேராக எடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995இல் எட்வர்ட் கொயில், லியா ஜேமிசன் ஆகியோர் தொடங்கிய 'ஈபிக்ஸ்' என்ற பாடம் அதில் முக்கியமானது. அங்கே குழு என்பது ஒரு செமஸ்டருக்குக் கட்டிக் கலைக்கிற குழு இல்லை. முதலாம் வருட மாணவரும் இறுதி வருட மாணவரும் ஒரே குழுவில். மூத்தவர் பட்டம் முடித்துப் போவார், புதியவர் வருவார், குழு நிற்கும். ஒரே மாணவர் பல செமஸ்டர் அதே குழுவில் பதிந்துகொள்ளலாம். வெளியே உள்ள பங்காளி அமைப்போடு உறவு வருடக்கணக்கில். எனக்குப் பிடித்தது அவர்களுடைய வடிவமைப்புப் படிகளின் கடைசிப் பகுதி: கையளித்ததோடு முடியாது, அதற்குப் பிறகு பராமரிப்பு என்று ஒரு படி, அதற்கும் பிறகு 'ஓய்வு கொடுப்பதா, திருத்தி வடிவமைப்பதா' என்று ஒரு படி. ஒரு சாமான் பழுதாகும், காலாவதியாகும், அதை யாராவது வந்து கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதும் பாடத்துக்குள் இருக்கிறது. பலகைக்காரருக்குத் தெரியாத படி அது.

இதை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. எங்கள் பாடத்திட்டம் இறுக்கமானது, ஒரு பாடத்தை ஒரு தடவைதான் எடுக்கலாம், முதலாம் வருடமும் நாலாம் வருடமும் ஒரே வகுப்பில் இருப்பதற்கு நேரசூசி விடாது. ஆனால் குழு மாறினாலும் ஊர் மாறாமல் இருக்கலாம். ஒரு துறை, ஒரு கமக்காரர் அமைப்பு, ஐந்து வருடம். இந்த வருடக் குழு கேள்வியை மட்டும் சரியாகக் கண்டுபிடித்து எழுதி வைக்கட்டும், அதற்கே முழுப்புள்ளி கொடுக்கலாம். அடுத்த குழு செய்து பார்க்கட்டும். மூன்றாவது குழு உடைந்ததைத் திருத்தட்டும். ஒவ்வொரு குழுவும் புதுத் தலைப்பு எடுத்தால்தான் 'சொந்த ஆக்கம்' என்கிற எண்ணம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. ஒரு பொறியியலாளர் வேலைக்குப் போனால் வாழ்நாளில் பெரும்பகுதி அவர் செய்யப்போவது வேறு யாரோ தொடங்கியதைத் திருத்துவதுதான். இரணைமடு 1902இல் வேலை தொடங்கிய குளம், அதற்குப் பிறகு அணையை உயர்த்தியவர்களும் கதவு மாற்றியவர்களும் வாய்க்கால் திருத்தியவர்களும் எத்தனை தலைமுறை!

குழு என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மக்ஸ் ரிங்கெல்மன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், விவசாயப் பொறியியலாளர், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார். 1913இல் வெளியான அவருடைய கணக்கின்படி எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஒவ்வொருவரும் தனியே இழுப்பதில் ஏறக்குறையப் பாதியைத்தான் இழுக்கிறார்கள். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. வடத்தில் கை வைத்திருக்கிறவர் எல்லாரும் இழுக்கிறார் என்றில்லை, ஆனால் திருநீறு எல்லாருக்கும்தான். குழுப் புள்ளி அந்தத் திருநீறு மாதிரி. இதற்கு வெளிநாடுகளில் சக மாணவரே ஒருவருக்கொருவர் புள்ளி போடுகிற முறை இருக்கிறது. இங்கே அது பெரும்பாலும் எடுபடாது, 'பட்ச்' ஒற்றுமை என்று ஒன்று உண்டு, எல்லாரும் எல்லாருக்கும் முழுப்புள்ளி போட்டுவிட்டுக் கன்ரினுக்குப் போய்விடுவார்கள். அதைவிட வாய்மொழித் தேர்வில் ஒருவர் செய்த பகுதியைப் பற்றி மற்றவரிடம் கேட்பது நல்லது. மோட்டர் பூட்டியவரிடம் விலைக்கணக்கைக் கேளுங்கள், சிலைட் செய்தவரிடம் ஏன் 6204 என்று கேளுங்கள்.

வன்னியில் இதற்கு மேல் மொழி என்று ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கணக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. ஆகவே அறிவியல் நகரில் ஒரு குழுவுக்குள்ளேயே மாத்தறைப் பிள்ளையும் கண்டிப் பிள்ளையும் மானிப்பாய்ப் பிள்ளையும் முல்லைத்தீவுப் பிள்ளையும் இருக்கலாம். படிப்பு ஆங்கிலத்தில், குழுவுக்குள் பேச்சு மூன்றும் கலந்து, கமக்காரரோ தமிழில் மட்டும். இது நல்ல விஷயம், இப்படி ஒரு மேசையில் இருக்க இந்த நாட்டில் வேறு இடம் குறைவு. ஆனால் நடப்பது என்ன? முல்லைத்தீவுப் பிள்ளை மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார். ஒவ்வொரு களப்பயணத்துக்கும் அவர்தான், தொலைபேசி அழைப்பும் அவர்தான், 'அந்த அம்மா என்ன சொல்றாங்க' என்று கேட்பதற்கும் அவர்தான். ரிப்போர்ட்டும் கணினி வரைபடமும் ஆங்கிலம் சரளமாக வருகிறவர் கைக்குப் போகும், புள்ளி ரிப்போர்ட்டுக்கு. கடைசியில் அந்த ஊரை நன்றாக விளங்கியவருக்கு வடிவமைப்பில் பங்கு இல்லை, வடிவமைத்தவருக்கு அந்த அம்மாவின் முகம் தெரியாது. கச்சான் குழுவிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. அந்தப் பெண்கள் விதை என்ற சொல்லை ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள், மொழிபெயர்த்த பொடியன் அதை மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறான், ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் அது எங்கேயும் ஏறவில்லை. பெண் பிள்ளைகள் சிலைட்டும் ஆண் பிள்ளைகள் கிறைண்டரும் என்று பிரிவதும் இதே கதைதான். பாத்திரத்தைக் கிழமைக்குக் கிழமை மாற்றச் சொல்லிப் பாடம் கட்டாயப்படுத்தினால் வேலை கொஞ்சம் தாமதமாகும், தாமதமாகட்டும்.

எனக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிற பிள்ளையும் பொறியியல் பீடத்துப் பிள்ளையும் ஒரே குழுவில் இருக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே பஸ் தரிப்பிடம், ஆனால் ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்ப்பதில்லை. வெல்டிங் ஹோல்டர் எந்த மூலைக்குள் போகாது என்று அந்தப் பிள்ளைக்கு இருபது வயதிலேயே தெரியும், மாமாவிடம் வந்துதான் தெரிய வேண்டும் என்றில்லை. இதற்கு இரண்டு வேறு அமைச்சு, இரண்டு வேறு பரீட்சை முறை என்று ஆயிரம் தடை சொல்வார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை சந்திக்க எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

உடைப்பான் கொஞ்சக் காலம் அந்த ஊர்ப் பொதுநோக்கு மண்டப விறாந்தையில் நின்றது. மோட்டரை யாரோ நீர்ப்பம்பிக்குக் கழற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு குழு மாமாவிடம் வந்தது, பழைய ரிப்போர்ட்டை வாசித்திருந்தார்கள், 'அந்த இயந்திரத்தைத் திருத்தலாமா' என்று கேட்டார்கள். மாமா அவர்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கே போனார். அந்த அம்மா உள்ளே போய்ச் சல்லடைத் தகட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். உருளையை விட்டுவிட்டு அதை மட்டும் கழற்றி, மரச்சட்டம் அடித்து, கையால் உடைத்த பருப்பைப் பெரிது சிறிதாகப் பிரிக்க இரண்டு விதைப்புக்கும் பாவித்திருக்கிறார்கள். பெரிய பருப்பு விதைக்கு, சிறியது வறுக்க. இயந்திரம் வேண்டாம் என்றார். இதைவிடச் சின்னக் கண்ணில் ஒன்று, கொஞ்சம் பெரிய கண்ணில் ஒன்று, கை பிடிக்க இரண்டு பக்கமும் காது வைத்து, புரட்டாதிக்கு முன்னம் கிடைத்தால் நல்லது என்றார். அந்தப் பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிட்டது, இரண்டு சல்லடைக்கு எப்படிப் புள்ளி கேட்பது என்று. மாமா அடுத்த நாள் தகடு பார்க்க யாழ்ப்பாணம் போனார்.